பேர் மாத்தின புள்ள

ஆஸ்பத்திரி கேட்டுக்கு முன்னால ஓட்டோ ஓடுறவனிட்ட இந்த ஊர்ல ஒருத்தரும் நோய், வருத்தத்த மறைக்க ஏலாது. கல்முனையில ஆருக்குச் சீனி வருத்தம், ஆர்ட மகளுக்குப் புள்ள தங்குதில்ல, எந்த ஹாஜியார் மூலத்துக்குக் களவா மருந்து எடுக்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். நான் வாயத் திறந்து கேக்கிறதில்ல. சனம் தானா ஏறும், தானா சொல்லும். அவங்க இறங்கினாப் புறகு நானும் பாக்கியராசாவும் ஸ்டாண்டுல குந்திக்கிட்டு அதுக்குக் கை கால் வெச்சுக் கதைப்பம். பாக்கியராசா தமிழ் ஆள். என்னோட ஒண்டா லைசன் எடுத்தவன். வாயில என்னைவிட ஒரு படி மேல.

ஒருக்கா பாலம்மா அக்காவையும் அவட மகனையும் ஏத்திக்கொண்டு போனன். கடற்கரப் பக்கம் மீன் விக்கிற மனிசி. மகனுக்குப் பத்து வயசிருக்கும். வழி நெடுக முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கிட்டு, தன்ட கையத் தானே கடிச்சுக்கிட்டு வந்தான். "எந்தக் கிளினிக் அக்கா?" எண்டு கேட்டன். மாசத்துல ஒருக்கா வெளியூரால ஒரு பெரிய டொக்டர் வந்து புள்ளைகளப் பாக்கிறாரே, அந்தக் கிளினிக் எண்டா. திரும்பி வந்து ஸ்டாண்டுல அந்தப் பொடியன் ஆடின மாதிரி ஆடிக் காட்டினன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சானுகள். ஸ்டாண்ட் எண்டா அப்புடித்தான், அதுலதான் பொழுது போகும்.

என்ட பேர் ஹமீட். கல்முனைக்குடியில பொண்டாட்டி ஊட்டுல இருக்கன். எங்கட பக்கத்துல மாப்புளதான் பொம்புள ஊட்டுக்குப் போய் இருக்கிற வழக்கம். ஊடும் மாமிட, சட்டமும் மாமிட. என்ட மாமி ஹாஜறா என்னோட நேர கதைக்கிறல்ல. குசினிக்குள்ள அடுப்படியில நிண்டுக்கிட்டு மகள் நஸ்லினுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லுவா.

என்ட மூத்த மகன் நஜீம் சுனாமியில போயிட்டான். நாலு வயசு. அதப்பத்தி நான் கதைக்கிறதில்ல, ஆரும் கேக்கவும் வேணாம். ஒண்டரை வருசத்தால அல்லாஹ் இன்னொரு ஆம்புளப் புள்ளயத் தந்தான். இவனுக்கும் நஜீம் எண்டுதான் பேர் வைப்பன் எண்டு ஒத்தக் கால்ல நிண்டன்.

"நஸ்லின், மாப்புளட்டச் சொல்லு கா," எண்டு குசினிக்குள்ள இருந்து சத்தம் வந்திச்சு. "மவுத்தான புள்ளட பேர் கனமா இரிக்கி. பச்சப் புள்ள தாங்காது."

"உம்மாட்டச் சொல்லு," எண்டு நானும் சுவருக்குச் சொன்னன். "புள்ள என்ட. பேரும் என்ட."

அப்புடித்தான் அவன் நஜீம் ஆனான். பிறப்புப் பத்திரத்துலயும் நஜீம், கிளினிக் கார்ட்டுலயும் நஜீம்.

புள்ள நல்ல அழகு, மாஷா அல்லாஹ். ஒரு கரச்சலும் இல்ல. தூக்கு எண்டு கை நீட்டி அழமாட்டான். மல்லாக்கக் கிடந்து ஃபேன் சுத்துறதப் பாத்துக்கிட்டே இருப்பான். பக்கத்து ஊட்டுப் பொம்புளைகள் வந்து, "இப்புடி ஒரு அடக்கமான புள்ளய நாங்க கண்டதே இல்ல கா" எண்டு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்து நிக்கும். ஒரு வயசுல "வாப்பா" எண்டான். "லைட்" எண்டான். மறுகா அந்த ரெண்டு சொல்லும் எங்கயோ போயிட்டு. நாங்க கேட்டுக் கேட்டுப் பாத்தம், வரவே இல்ல.

"நஜீம்!" எண்டு கூப்பிட்டா திரும்பமாட்டான். நஸ்லின் அவன்ட முதுகுக்குப் பின்னால நிண்டு சட்டிய அடிச்சுப் பாத்தா. அசையல்ல. ஆனா காது கேக்காத புள்ளயும் இல்ல. அடுத்த ஒழுங்கையில என்ட ஓட்டோ திரும்புற சத்தம் கேட்டாப் போதும், வாசலுக்கு ஓடி வருவான். வந்து என்ட மூஞ்சியப் பாப்பானா? இல்ல. நேரா முன் டயருக்குப் போவான். நான் ஓட்டோவ ஜக்குல தூக்கி வெச்சுக் குடுக்கோணும். விரலால டயரச் சுத்தி விட்டுக்கிட்டு, தலையச் சரிச்சு, கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாத்துக்கிட்டு இருப்பான். நிப்பாட்டினா ஊர் கூடும் அளவுக்குக் கத்துவான்.

தண்ணி வேணுமெண்டா தண்ணி எண்டு சொல்ல மாட்டான், விரலால காட்டவும் மாட்டான். என்ட மணிக்கட்டப் புடிச்சு இழுத்துக் கொண்டு போய் குடத்துக்கு மேல வெப்பான். சோறு போட அகப்பைய எடுக்கிறமே, அந்த மாதிரி என்ட கைய எடுப்பான். "அந்தா பாரு, ஹெலி போகுது" எண்டு வானத்தக் காட்டினா அங்க பாக்க மாட்டான். என்ட விரலயும் பாக்க மாட்டான்.

"சொன்னனே," எண்டு குசினி சொல்லிச்சு. "கூப்பிட்டா எப்புடித் திரும்பும்? அது அவன்ட பேர் இல்லையே. அது மூத்தவன்ட பேர். நஸ்லின், லெப்பையக் கூட்டி வரச் சொல்லு."

சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்கும் அது சரியாத்தான் பட்டிச்சு. மவுத்தானவன்ட பேர இவன்ட தலையில தூக்கி வெச்சது நான்தானே. பள்ளியில ஓதிக் குடுக்கிற நூஹு லெப்பை வந்தார். தண்ணி ஓதினார். காதுல பாங்கு சொன்னார். புள்ள ரெண்டு காதயும் பொத்திக்கிட்டு வீரிட்டான். அதுக்கு மேலயும் சத்தமா, "உன்ட பேர் ஸப்ரி" எண்டு சொல்லி முடிச்சார். பழமும் சக்கரையும் ஊடு ஊடாக் குடுத்தம். புறகு ஊட்டுல காலையில இருந்து பொழுது படும் வரைக்கும் மீன் கூவி விக்கிற மாதிரி ஸப்ரி, ஸப்ரி எண்டு ஒரே கூப்பாடு. அவன் அந்தப் பேருக்கும் திரும்பல்ல.

பெருநாளுக்குப் புறகு திரும்பவும் லெப்பை, திரும்பவும் பழம், சக்கர. இந்த முற அப்லல். மாமி அப்லல் எண்டு கூப்பிடுவா. நஸ்லினுக்கு ஸப்ரி வாயில ஒட்டிக்கிட்டு, மாத்த வரல்ல. நான் ரெண்டும் சொல்ல மாட்டன். "மனே" எண்டு மட்டும் கூப்பிடுவன்.

ஸ்டாண்டுல கதை போகாம இருக்குமா? "மச்சான், இந்த மாசம் மகன்ட பேர் என்ன?" எண்டான் பாக்கியராசா. "ஓட்டோ நம்பரயாவது மாத்தாம வெச்சிருக்கியே, அது போதும்டாப்பா." எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன். உள்ளுக்கு எரிஞ்சிச்சு. அண்டைக்கு முதல் தரமா எனக்கு என்ட புள்ளய நினைச்சு வெக்கமா இருந்திச்சு. அவன் என்ன செஞ்சான் பாவம், டயரச் சுத்தினான்.

ரெண்டரை வயசாகக்குள்ள புள்ளைகள நிறுத்து நிற பாக்கிற கிளினிக்குக்குக் கொண்டு போனம். எங்கட பகுதி மிட்வைப் தங்கரத்தினம் மிஸ். நல்ல மனிசி, ஆனா கண்ணு ஊசி. புள்ளயத் தராசுல வெக்கிறதுக்கு முதல் பேர் சொல்லிக் கூப்பிட்டா. கார்ட்டுல இருந்த பேர். கை தட்டினா. ஒரு பொம்மைய எடுத்து ஆட்டினா. சுவர்ல ஒட்டியிருந்த படத்தக் காட்டி, "அங்க பாருங்க, பூன" எண்டா. அவன் தராசுத் தட்டையே சுத்திப் பாத்துக்கிட்டு இருந்தான்.

"எப்பவும் இப்புடியா?" எண்டு கேட்டா. "தனக்கு வேணுங்கிறத விரலால காட்டுவானா? உங்கட கண்ணப் பாத்துச் சிரிப்பானா? மற்றப் புள்ளைகள் விளையாடினா கிட்டப் போவானா? முதல் சொன்ன சொல்லு ஏதும் நிண்டு போச்சா?"

நஸ்லின் ஓம் எண்டும் இல்ல எண்டும் ஒவ்வொண்டுக்கும் தலைய ஆட்டினா. அவட கண்ணு நிறஞ்சு போச்சு. நான் குறுக்க விழுந்தன்.

"மிஸ், அது பேர்ல ஒரு பிழை. இப்ப மாத்தியிருக்கம். போகப் போகச் சரி வரும்."

மிஸ் சிரிக்கல்ல. சிரிச்சிருந்தா நல்லம். "பேர்ல ஒரு பிழையும் இல்ல தம்பி. எந்தப் பேர் வெச்சாலும் இந்தப் பிள்ள இப்ப திரும்ப மாட்டான். இது வளர்ச்சியில வாற ஒரு வித்தியாசம். ஓட்டிசமா இருக்கலாம். நான் சொல்ல ஏலாது, டொக்டர்தான் பாத்துச் சொல்லோணும். ஆனா இந்த வயசுல பிடிச்சா நிறையப் பழக்கலாம். சுணங்கச் சுணங்க உங்களுக்கும் கஷ்டம், அவனுக்கும் கஷ்டம்."

"கடல் வந்த நேரம் நான் பயந்துதானே மிஸ் போனன்," எண்டு நஸ்லின் அழுதா. "அந்தப் பயம் புள்ளைக்கு இறங்கிட்டா?"

"இல்ல பிள்ள. ஆரும் செஞ்சு வாறதில்ல இது. நீங்க பயந்ததாலயும் இல்ல, பேராலயும் இல்ல. மாசத்துல ஒருக்கா அந்தப் பெரிய டொக்டர் வாறார். கட்டாயம் கொண்டு போங்க."

எந்தக் கிளினிக் எண்டு விளங்கினதும் எனக்கு மண்டையில ஏறிட்டு. பாலம்மா அக்காட மகன் ஆடின ஆட்டம் கண்ணுக்கு முன்னால வந்திச்சு.

"என்ட புள்ளய விசரன் எண்டு சொல்றீங்களா மிஸ்?"

நான் கத்தின கத்துல கிளினிக்குல இருந்த பொம்புளைகள் எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்து ஓட்டோவுல போட்டன். நஸ்லின் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓடி வந்தா.

அதுக்குப் புறகு ஒவ்வொரு மாசமும் அவ கேப்பா. "இஞ்ச பாருங்க, இண்டைக்கு டொக்டர் வாற நாள். ஒருக்கா கொண்டு போய்க் காட்டுவமே." நான் பாய்வன். நான் நிக்கிற கேட்டுக்குள்ளாலயா போறது? பாக்கியராசா, மத்தவனுகள் எல்லாம் வாயப் பொளந்து பாத்துக்கிட்டு நிக்க? ஒரு நாளும் நடக்காது. சனம் இறங்கினாப் புறகு என்ன கதைப்பாங்க எண்டு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கதைக்கிறதே நான்தானே.

அப்புடியே இழுத்துக்கிட்டுப் போய், வன்னியில நடந்த சண்ட முடிஞ்சிட்டு எண்டு டிவியில சொன்ன நாள் வந்திச்சு. சந்தியில வெடி, கொடி, பாற்சோறு. பாக்கியராசா அண்டைக்கு ஓட்டோவ வெளியில எடுக்கல்ல. அவன்ட தங்கச்சி குடும்பம் வன்னியில. இருக்காங்களா இல்லையா எண்டே தெரியாது. ஸ்டாண்டுல அவன் நிக்கிற இடம் வெறுமையாக் கிடந்திச்சு. எனக்கும் நிக்க மனசு வரல்ல. பகல் சாப்பாட்டுக்கே ஊட்டுக்கு வந்திட்டன்.

பீங்கான்ல கை வெச்சன், எங்கட ஒழுங்கைக்குள்ளயே ஒரு சரவெடியக் கொளுத்திட்டானுகள். புள்ள காதப் பொத்திக்கிட்டுச் சுவர்ல தலைய அடிச்சான். நஸ்லின் புடிக்கப் போனா. கைய உதறிட்டு ஓடினவன்தான். நாங்க வெளிய வரக்குள்ள ஒழுங்கை முழுக்கப் புகை. வாசல் படல திறந்து கிடந்திச்சு. புள்ளயக் காணல்ல.

அண்டைக்குத்தான் மாமி என்னோட நேர கதைச்சா. முக்காடு விழுந்தது கூடத் தெரியாம ஓடி வந்து என்ட கையப் புடிச்சா. "மகன், கடலுக்கு ஓடுங்க! கடலுக்கு ஓடுங்க மகன்!"

ஓடினன். மாமி ஒரு பக்கத்தால, "அப்லல்! அப்லல்!" எண்டு ஓடுறா. நஸ்லின் மற்றப் பக்கத்தால, "ஸப்ரி! என்ட ஸப்ரி!" எண்டு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு ஓடுறா. ஒழுங்கைச் சனம் வெளிய வந்து, ஆளுக்கு ஒண்டா மூணு புள்ளயக் காணல்லையாம் எண்டு தேடத் துவங்கிட்டு. "மூணாவதுட பேர் என்ன?" எண்டு ஒருத்தன் என்னக் கேக்கான். நான் என்னத்தச் சொல்ல?

கடற்கரைக்கு வந்து, அந்தத் தண்ணியப் பாத்ததும், என்ட வாயால தானா வந்திச்சு. "நஜீம்! நஜீம்!" வயிறு கிழியக் கத்தினன். கரையில வல கட்டிக்கிட்டு இருந்த ஆக்கள் எல்லாரும் கையிலிருந்தத விட்டுட்டு எழும்பினாங்க. அந்தப் பேர நான் அதே கரையில நிண்டு முந்தியும் கத்தியிருக்கன், அவங்களுக்கு ஞாபகம் இருந்திச்சு. காக்கா எண்டு நான் கூப்பிடுற ஒரு மூத்த ஆள் வந்து என்னக் கட்டிப் புடிச்சார். அவர்ட கண்ணால தண்ணி ஓடுது.

"ஹமீட், டேய் வாப்பா, நஜீம் போய் எவ்வளவு காலம். ஊட்டுக்கு வாடா."

எனக்கு விசர் புடிச்சிட்டு எண்டு நினைச்சிட்டார். இது மத்த நஜீம், காக்கா, உசிரோட இருக்கிற நஜீம் எண்டு சொல்ல வாய் வரல்ல. அந்த நேரத்துல, புள்ள தண்ணியில கிடக்கானோ எண்டு தெரியாத அந்த நேரத்துலயும், எனக்கு வெக்கம்தான் வந்திச்சு. தூ! என்ன மனுசன் நான்.

நஸ்லின்ட சத்தம் கேட்டுத்தான் திரும்பி ஓடினன். புள்ள எங்கயும் போகல்ல. படலைக்குப் பக்கத்துல நிண்ட என்ட ஓட்டோவுக்குக் கீழ, முன் டயரோட ஒட்டிக் குப்புறக் கிடந்தான். ஒரு கை காதுல. மற்றக் கை டயருல. நாங்க மூணு பேரும் அவன்ட தலைக்கு மேலாலதான் ஓடியிருக்கம், மாமியும் நஸ்லினும் ஆளுக்கொரு பேரச் சொல்லிக் கத்திக்கிட்டு. எல்லாம் அவனுக்குக் கேட்டிருக்கும். ஒண்டுக்கும் திரும்பல்ல. நான் மண்ணுல படுத்து உள்ளுக்குப் பாத்தன். அவன் என்னப் பாக்கல்ல. டயர மெல்ல மெல்லத் தடவிக்கிட்டு இருந்தான்.

"பேருல இல்ல," எண்டு மாமி சொன்னா. படலையப் புடிச்சுக்கிட்டு நிலத்துல இருந்திட்டா. "பேருல இல்ல மகன்."

நஸ்லின் என்னட்ட ஒண்டும் கேக்கல்ல. "டொக்டர் வாற நாளைக்கு நான் போறன்" எண்டு மட்டும் சொன்னா. "நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

போனன். ஆனா எப்புடிப் போனன் தெரியுமா? பின் கேட்டுக்குள்ளால. பிரேத அறைக்குப் பக்கத்தால ஒரு பாத இருக்கு, அதால ஓட்டோவக் கொண்டு போய் வேப்ப மரத்துக்குக் கீழ விட்டன். தொப்பிய நெத்தி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டன். உள்ள சனம் குந்தி இருக்கிற வாங்குல இடம் புடிச்சு இருந்தா, நேர எதிர்ல பாலம்மா அக்கா. பக்கத்துல மகன், முன்னுக்கும் பின்னுக்கும் ஆடிக்கிட்டு. அவ என்னப் பாத்துச் சிரிச்சா. எனக்கு நிலம் பொளந்து உள்ள போகலாம் போல இருந்திச்சு.

கொஞ்ச நேரத்துல எங்கட புள்ள சனத்துட சத்தம் தாங்காமக் கத்தத் துவங்கிட்டான். நஸ்லின் அவனத் தூக்கிக்கிட்டு ஓட்டோவடிக்குப் போனா. "பேர் கூப்பிட்டா ஓடி வந்து சொல்லுங்க," எண்டா. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தன்.

அப்பதான் வந்தான் பாக்கியராசா. ஒரு வயசாளிய ஏத்தி வந்து, கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போறான். அந்த வெடி நாளுக்குப் புறகு அவன் பழைய ஆள் இல்ல. தாடி வளத்திருந்தான். கதை குறஞ்சு போச்சு. என்னக் கண்டதும் நிண்டான்.

"மச்சான், இஞ்ச என்ன? ஆருக்கு வருத்தம்?"

"ஒருத்தருக்குமில்ல," எண்டன். "ஒரு ஹயர் வந்திச்சு. உள்ள போயிருக்காங்க, நிக்கன்."

"ஓம் ஓம்," எண்டுட்டு அவனும் சுவர்ல சாஞ்சு நிண்டான், எனக்குத் துணையா.

கதவு திறந்திச்சு. நேர்ஸ் மிஸ் கார்ட்டப் பாத்துக் கூப்பிட்டா. "நஜீம்!"

எனக்குக் கேட்டிச்சு. நல்லாக் கேட்டிச்சு. நான் அசையல்ல. பாக்கியராசா பக்கத்துல நிக்கான்.

"நஜீம்! நஜீம்ட ஆக்கள் ஆர்?"

தொப்பிய இன்னும் கொஞ்சம் இழுத்தன். செருப்பப் பாத்தன். பாலம்மா அக்கா என்னையே பாக்கிறா. அவ முதல்ல எங்கட புள்ள கத்தினதயும் கண்டவ, நஸ்லின் என்னட்டச் சொல்லிட்டுப் போனதயும் கேட்டவ. ஆனா வாய் திறக்கல்ல. அவட மகன் ஆடுறத நிப்பாட்டாம ஆடிக்கிட்டே இருந்தான்.

"நஜீம் இல்லையா? சரி, அடுத்த மாசம் வரட்டும்," எண்டு நேர்ஸ் கார்ட்ட அடியில வெச்சா. "அடுத்தது..."

கூப்பிட்டும் திரும்பல்ல எண்டு அந்தப் பச்சப் புள்ளைக்கு மாத்தி மாத்தி மூணு பேர் வெச்சம். காதுல கத்தினம். தண்ணி ஓதினம். அவனுக்குத் திரும்பத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிஞ்சும் திரும்பாம இருக்கிற எனக்கு எந்த லெப்பையக் கூட்டி வந்து என்ன பேர மாத்துற?

எழும்பினன். தொப்பியக் கழட்டிக் கையில புடிச்சன்.

"மிஸ், நிக்கான்!" சத்தம் கூடித்தான் வந்திச்சு, வாங்குல இருந்த அத்தன பேரும் திரும்பினாங்க. "நஜீம் நிக்கான் மிஸ். என்ட மகன். மற்றக் கார்ட்டக் கூப்பிட வேணாம், இந்தா கொண்டு வாறன்."

பாக்கியராசா என்ட மூஞ்சியப் பாத்தான். ஒரு பகிடி விடுவான் எண்டு பல்லக் கடிச்சுக்கிட்டு நிண்டன். விடட்டும், எனக்கு அது வேணும்.

"நீ வாசல விடாத மச்சான், இடம் போயிரும்," எண்டான் அவன். "நான் ஓடிப் போய்ப் பிள்ளயக் கூட்டி வாறன். எங்க நிக்கான்?"

"பின் கேட்டடியில, வேப்ப மரத்துக்குக் கீழ," எண்டன். "என்ட ஓட்டோட முன் டயருக்குப் பக்கத்துல இருப்பான். பேர் சொல்லிக் கூப்பிடாத. கிட்டப் போய்க் கையக் குடு."